புரோட்டீன் பார் வாங்கும் முன் உறையைத் திருப்புங்க

ஏற்காடு ஏறப் போறவங்க பையில இப்பல்லாம் புரோட்டீன் பார் இருக்கு. முன்பக்கத்துப் பெரிய எழுத்தை நம்பாதீங்க, பின்பக்கம் படிங்க. சேர்பொருட்கள் எடை கூடினதுல இருந்து குறைஞ்சது வரை வரிசையா இருக்கும். முதல் மூணு இடத்துல குளுக்கோஸ் சிரப், சர்க்கரை இருந்தா அது மிட்டாய்தான்.

புரத கிராமை 4-ஆல பெருக்கி மொத்த கலோரியால வகுங்க, கலோரியில புரதத்தோட பங்கு எவ்வளவுன்னு தெரியும். 220 கலோரிக்கு 20 கிராம்னா 36 சதவீதம், தாராளமா வாங்கலாம். 200 கலோரிக்கு 6 கிராம்னா வெறும் 12. அதுக்குக் கடலை மிட்டாயே போதும், விலையும் கம்மி.

"சர்க்கரை சேர்க்கப்படவில்லை"ன்னு இருந்தா சர்க்கரைக்குப் பதிலாப் போடற மால்டிடால்ங்கற இனிப்பு இருக்கான்னு தேடுங்க. சிறுகுடல் அதை முழுசா உறிஞ்சாது. மிச்சம் பெருங்குடல்ல நொதிச்சு வயிறு உப்பும், தண்ணியை இழுத்துப் பேதியும் ஆகும். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கற பாதையில, பஸ்ல உட்கார்ந்துட்டு இது வந்தா ரொம்பக் கஷ்டம். வெறும் வயித்துல ரெண்டு பார் சேர்த்துச் சாப்பிடவே வேண்டாம்.

புரதம் கொலாஜன்ல (விலங்குத் தோல், எலும்புல இருந்து எடுக்கற புரதம்) இருந்து மட்டும் வந்தா, உடம்புக்கு அவசியமான டிரிப்டோபான்ங்கற அமினோ அமிலம் கிடைக்காது. வே (whey, பால்ல இருந்து எடுக்கற புரதம்), இல்லன்னா சோயா இருக்கறதா பாருங்க.

சேலம் லீ பஜார்ல வாங்கின வறுத்த நிலக்கடலை 50 கிராம், பொட்டுக்கடலை 30 கிராம்: சுமார் 18 கிராம் புரதம். கலோரி மட்டும் 400 பக்கம் வரும். மலை நடக்கறவங்களுக்கு அது சரி. ஆபீஸ்ல உட்கார்ந்தே இருக்கறவங்க ரெண்டு அவிச்ச முட்டை எடுத்துக்கோங்க.