போர்ட் சார்ல்ஸ் ஊர்ப் பிள்ளைகள்: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 2, 2025, திங்கள்

பள்ளி விடுமுறை. சின்னவள் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் எழுந்தாள். நான் மதியச் சமையலை முடித்து அடுப்பைத் துடைக்கும்போது சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருக்கும் அக்கா ஒரு யூடியூப் துண்டை அனுப்பியிருந்தாள். 1995, 'ஜெனரல் ஹாஸ்பிட்டல்', போர்ட் சார்ல்ஸ் என்ற கற்பனை ஊரில் நடக்கும் அமெரிக்கப் பகல் தொடர். அதில் ராபினும் ஸ்டோனும். கீழே ஒரே வரி: "ஞாபகம் இருக்காடி?"

இருக்காதா பின்னே! ஒஹாயோவில் நானும் அவளும் ஒரே வீட்டில் குடியிருந்து படித்த காலம் அது. மதிய வகுப்பு இருக்கும் நாளில் வி.சி.ஆரில் நேரம் வைத்துவிட்டுக் கிளம்புவோம். டேப் தீர்ந்துபோய்க் கடைசிக் காட்சி பதிவாகாமல் விட்டால் அன்று இரவு யாரும் யாரோடும் பேச மாட்டோம்.

அமெரிக்கப் பகல் தொடர்களுக்கு ஜூன் மாதம் என்றால் பதின்ம வயதுக் கதைதான். அங்கேயும் அப்போது பள்ளி மூடியிருக்கும். பிள்ளைகள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். கோடையில் பிடித்துப் போட்டால் பிறகும் விட மாட்டார்கள் என்ற வியாபாரக் கணக்கு. காதல், வீட்டை விட்டு ஓடுவது, துப்பறிவது எல்லாம் அந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் நடந்து முடியும். பாதி குப்பை. மீதிப் பாதிக்காகத்தான் இத்தனை வருடம் கழித்தும் நாங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஜூன் 4, புதன்

ராபினாக நடித்த கிம்பர்லி மெக்கலோ அந்தத் தொடருக்குள் வந்தது 1985-இல், ஏழு வயதில். பல் விழுந்த முகத்தோடு வந்த குழந்தை அதே வீடுகளில், அதே ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் ஓடி விளையாடிப் பதினேழு வயதாகி நிற்கிறாள். ஆளை மாற்றவில்லை. அவளுக்குக் காதலன் ஸ்டோன், தெருவில் வளர்ந்த பையன். அவனுக்கு எய்ட்ஸ் என்று தெரிய வருகிறது. பிறகு அவளுக்கும் எச்.ஐ.வி. என்று. தலைமைக் கதாசிரியர் கிளேர் லபைன் இதை ஒரு வாரத்தில் அழுது முடிக்கிற கதையாக எழுதவில்லை. மாதக்கணக்கில் அவன் உடல் இளைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

அக்கா அனுப்பிய துண்டு அவன் சாகிற நாள். பார்வை போய்விட்டது. ராபின் ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் நிற்கிறாள். படுத்திருக்கிறவனின் கண் எங்கேயோ அலைந்து, மெல்ல அவள் இருக்கிற திசைக்கு வந்து, நின்றுவிடுகிறது. தெரிகிறாய் என்று சொல்கிறான். அவள் உடனே ஓடி வரவில்லை. அசைந்தால் மறைந்துவிடுவோமோ என்று பயந்தவள்போல அங்கேயே நிற்கிறாள். எந்த இயக்குநர் சொல்லிக் கொடுத்தாரோ, அந்த நிற்றல் போதும்.

அம்மா அப்போது எங்களோடு வந்து தங்கியிருந்தார். ஆங்கிலம் ஓடாது. இரண்டாம் நாளே, "இந்தப் பையன் தேறமாட்டான். அந்தப் புள்ளைய நெனச்சாத்தான் வயித்தக் கலக்குது" என்றார்.

அந்தக் காட்சி வந்தது 1995 நவம்பர் கடைசியில். எச்.ஐ.வி.க்கான புது வகை மருந்துகளில் முதலாவதான சாக்வினாவிருக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது அதே ஆண்டு டிசம்பரில். அடுத்த ஓரிரு ஆண்டில் கூட்டு மருந்துகள் வந்து நோயின் தலையெழுத்தே மாறியது. கதையிலும் அப்படித்தான். ராபின் பிழைத்தாள், டாக்டரானாள், கல்யாணம் செய்துகொண்டாள், 2008-இல் கிருமி இல்லாத பெண் குழந்தையைப் பெற்றாள்.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. அக்கா வந்தாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா கொடுத்த ரெண்டாங் கறி, என் நெய்ச்சோறு. சின்னவளும் எங்களோடு உட்கார்ந்து ஸ்டோன் காட்சியைப் பார்த்தாள். முடிந்ததும் கேட்டாள்:

"பெரியம்மா, தெருப் பையனைச் சாகடிச்சிட்டு, டாக்டர், போலீஸ்னு சொந்தக்காரங்க இருக்கிற பொண்ண மட்டும் காப்பாத்திட்டாங்க. அவன் அவளுக்குப் பாடம் சொல்லத்தான் வந்தானா?"

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. ரெண்டாங்கை அப்படியே வைத்துவிட்டாள். எனக்கோ, இந்தப் பெண் சரியான இடத்தில் கை வைத்துவிட்டாளே என்றிருந்தது. ஒன்று மட்டும் சொன்னேன்: ராபின் தப்பித்தாள் என்று கதை அவளை விட்டுவிடவில்லை. மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஊரார் பார்வையும் வருடக்கணக்கில் அவளோடு வந்தன.

சின்னவள் விடவில்லை. "சரி, லூக்-லாரா கல்யாணம்னு சொல்வீங்களே, அது?"

ஜூன் 8, ஞாயிறு

அதுதான் வம்பு. அதே தொடரில் 1979-இல் லூக், லாராவைப் பலாத்காரம் செய்கிறான். லாராவாக நடித்த ஜீனி பிரான்சிஸுக்கு அப்போது பதினேழு. 1981 நவம்பரில் இருவருக்கும் கல்யாணம். அமெரிக்காவில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் பார்த்தார்கள். எலிசபெத் டெய்லரே வந்து நடித்துவிட்டுப் போனார். நடந்த குற்றத்துக்கு 'மயக்கம்', 'மோகம்' என்று பூசி மெழுகி ஊரே கொண்டாடியது. சின்னவளுக்கு இதை நான் எப்படி நியாயப்படுத்துவது? படுத்தவில்லை.

ஆனால் 1998-ஐக் காட்டினேன். லூக்-லாராவின் மகன் லக்கி, பதின்ம வயது. காதலர் தினத்து இரவு, பூங்காவில் பனியில் கிடக்கிற எலிசபெத்தைக் கண்டெடுக்கிறான். அவளைச் சீரழித்துப் போட்டுப் போயிருக்கிறான் எவனோ. இந்தப் பையன் அவளைத் தொடக்கூட யோசித்து யோசித்து, மாதக்கணக்கில் கூடவே இருந்து தேற்றுகிறான். அந்த வருடமே, தன் அப்பன் அம்மாவுக்கு என்ன செய்தான் என்பது அவனுக்குத் தெரிய வருகிறது. பத்தொன்பது ஆண்டுகளாகத் தொடர் மூடி வைத்திருந்ததை, அந்த வீட்டுப் பிள்ளையே அப்பன் முகத்துக்கு நேராகக் கேட்கிறான். தப்பு செய்த தொடர் தன் பிள்ளையை வைத்தே தன்னைக் கூண்டில் ஏற்றியது. இதற்கு இணையாக நம் தொடர்களில் ஒன்றை நான் பார்த்ததில்லை.

சின்னவள் முழுவதும் பார்த்தாள். "லேட்டுத்தான்" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 15, ஞாயிறு

தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு கோமள விலாஸில் காப்பி. அக்காவோடு மறுபடி அதே பேச்சு.

நம் மெகா சீரியலில் பதின்ம வயது என்று ஒன்று கிடையாது. குழந்தை இருக்கும், திடீரென்று 'சில வருடங்களுக்குப் பிறகு' என்று போட்டுப் பட்டுச்சேலையோடு மணமகளாக இறக்குவார்கள். நடுவில் இருந்த எட்டு வருடம் எங்கே போனது? அக்கா, "அவங்க மட்டும் என்ன யோக்கியம்?" என்றாள். வாஸ்தவம். 'ஜெனரல் ஹாஸ்பிட்டலில்' மைக்கேல் என்ற சிறுவன் 2008-இல் தலையில் குண்டடிபட்டு கோமாவுக்குப் போனான். அடுத்த வருடம் கண் விழித்தபோது மீசை அரும்பும் வாலிபன், வேறு நடிகர்! காரணமும் இல்லாமல் இல்லை. பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களை இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, படப்பிடிப்பிலேயே பாடமும் நடத்த வேண்டும் என்று கலிபோர்னியாவில் சட்டம். தினமும் ஓடுகிற தொடருக்கு அது கட்டுப்படியாகாது. வயது வந்தவரைப் போட்டுவிட்டால் தொல்லை விட்டது.

அதனால்தான் என் கணக்கில் ராபின் மற்றவர்களுக்கு மேலே நிற்கிறாள். தயாரிப்பாளர்கள் பத்து வருடம் காத்திருந்தார்கள்.

ஜூன் 21, சனி

லக்கியாக நடித்த ஜோனத்தன் ஜாக்சன் 1999-இல் விலகினார். பிறகு ஜேக்கப் யங், அப்புறம் கிரெக் வான். எலிசபெத்தாக 1997 முதல் இன்றுவரை ஒரே ரெபெக்கா ஹெர்ப்ஸ்ட். மூன்று முகத்தையும் 'லக்கி, லக்கி' என்று கூப்பிட வேண்டியது அவர் தலைவிதி. அதிலும் கண்ணீர் வரும்படி நடித்தார் என்பதுதான் கெட்டிக்காரத்தனம். 2009-இல் சில காலம் திரும்பி வந்த ஜாக்சன், 2024-இல் மறுபடியும் வந்தார். இருவரும் நாற்பது தாண்டியவர்கள். அவள் அந்த ஆஸ்பத்திரியிலேயே தாதி.

சேர்த்து வைக்க வேண்டும் என்று அக்கா பிரார்த்தனையே செய்கிறாள். சின்னவளோ, "அவ நல்லாத்தானே இருக்கா பெரியம்மா, எதுக்கு?" என்று குரல் பதிவு அனுப்பிவிட்டாள். நான் சின்னவள் கட்சி. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குப் புட்டும் கடலையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள், முதலில் அது வந்து சேரட்டும்.