10 ரூபா ஸ்டாம்பும் 14 பக்கமும்

மேலூர் பக்கம் எங்க ஊரு பெரியாறு தண்ணி சரியா எட்டாத கடைமடை, கண்மாய் நிறையணும்னா வரத்துக்கால் சுத்தமா இருக்கணும். அதைத் தூர்வார்றோம்னு ஜேசிபி வந்துச்சு, நாலு நாள் ஓடுச்சு, அப்புறம் ஆளையே காணோம். சித்தப்பா புலம்பிட்டே இருந்தாரு, சரி ஆர்டிஐ, அதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு, போட்டுப் பாப்போம்னு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் 10 ரூபாய்க்கு வாங்கி ஒட்டி, "வேலையை ஏன் பாதியில நிறுத்துனீங்க"ன்னு எழுதி அனுப்பிட்டேன்.

29வது நாள் ஒரு வரி பதில் வந்துச்சு. நீங்க கேட்டது 'தகவல்'ங்கிற வரையறைக்குள்ள வராதாம். எனக்கு அவ்வளவு கோவம். ரிட்டயர்டான ஒரு கிளார்க் அண்ணன்தான் சொன்னாரு, "தம்பி, ஏன் எதுக்குன்னு கேட்டா அப்படித்தான் தள்ளி விடுவாங்க, இருக்குற பேப்பரைக் கேளு, எஸ்டிமேட் நகல் கேளு, வேலையை அளந்து எழுதி வைக்கிற எம்-புக் நகல் கேளு"ன்னு. 2005ல வந்த இந்த ஆர்டிஐ சட்டத்தோட சூட்சுமமே இதுதான்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு. ஆபீஸ்ல இருக்குற காகிதத்தைத்தான் அது வெளிய கொண்டுவரும். உனக்கு எதுக்குன்னு அவங்க நம்மளைக் கேக்கக்கூடாது, அது பிரிவு 6லயே இருக்கு, நம்மள மாதிரி ஆளுக்கு அது எவ்வளவு பெரிய பலம்!

மறுபடி போட்டேன். பக்கத்துக்கு 2 ரூபா, 14 பக்கம், 28 ரூபா கட்டுனதும் வந்துருச்சு. எம்-புக் பக்கத்துல வரிசையா நீளம், அகலம், ஆழம், கீழ கையெழுத்து. நீளம் 1200 மீட்டர்னு இருந்துச்சு. நானும் சித்தப்பாவும் டேப்பைப் புடிச்சுக்கிட்டு மடையில இருந்து நடந்தோம், 430 மீட்டர் தாண்டுனதும் சீமைக்கருவேலம்தான், உள்ள கால் வைக்க முடியல, தோண்டுன மண்ணோட தடமே இல்ல. சித்தப்பா அந்தத் தாளையும் முள்ளையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டே நின்னாரு, ஒண்ணும் பேசல.

அதோட சட்டத்தோட வேலை முடிஞ்சுபோச்சு, இதான் என் மனசை அறுக்குது. தகவல் தராட்டி தகவல் ஆணையம் நாளுக்கு 250 வீதம் 25,000 வரைக்கும் ஃபைன் போடலாம், ஆனா தகவலைக் குடுத்துட்டா கால்வாயை வெட்டச் சொல்ல அதுக்கு அதிகாரம் இல்ல. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்நாள்ல நகலோட மனு குடுத்தோம், ரசீது மட்டும் இருக்கு. மதுரை தோப்பூர் எய்ம்ஸ் ஆஸ்பத்திரி கதையும் அப்படித்தானே, 2019 ஜனவரியில அடிக்கல் நாட்டுனாங்க, அப்புறம் வருஷக்கணக்கா வேலை எந்த நிலையிலன்னு ஆர்டிஐ பதில்ல இருந்துதான் தெரிஞ்சுக்கிட்டோம், தெரிஞ்சதால கட்டடம் வேகமா எழும்பிடல.

இன்னொண்ணு, மனுவுல நம்ம அட்ரஸ் இருக்கும். ரெண்டு பேர் வண்டியில வந்து "அண்ணே, எதுக்கு இதெல்லாம்"னு தன்மையாத்தான் கேட்டாங்க, அம்மா அன்னைக்கு ராத்திரி தூங்கல. கிர் காட்டுப் பக்கம் சட்டவிரோத குவாரி பத்தி ஆர்டிஐ போட்ட அமித் ஜேத்வாவை 2010ல அகமதாபாத் ஹைகோர்ட் எதிர்லயே சுட்டுக் கொன்னாங்க. இப்போ 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆர்டிஐயோட பிரிவு 8(1)(j)வைத் திருத்தி, தனிப்பட்ட விவரம்னாலே மறுக்கலாம்னு ஆக்கிருச்சு. பொதுநலன் பெருசுன்னா குடுக்கச் சொல்ற 8(2) இன்னும் இருக்கு, ஆனா அதை வாதாடி வாங்கணும். நாளைக்கு கான்ட்ராக்டர் பேரைக் கேட்டாக்கூட தனிப்பட்ட விவரம்னு எழுதிருவாங்களோன்னு பயமா இருக்கு.

சித்தப்பா விடுற மாதிரி இல்ல. பில் பாஸான தேதியும் செக் மெஷர்மென்ட், அதாவது அளவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவங்க பதவியும் கேட்டு அடுத்த மனு எழுதச் சொல்லிட்டாரு, ஸ்டாம்ப் வாங்கி வச்சாச்சு, ஐப்பசி மழைக்குள்ள போட்டுறணும்.