எடை மெஷின் பக்கத்தில் திட்டாதீங்க

டயாலிசிஸ் யூனிட்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகள் முதலில் பயப்படுவது ஊசிக்குத்தான். அது கை பழகப் பழக வந்துவிடும். நான் அவர்களைக் கவனிப்பது எடை பார்க்கும் இடத்தில். "என்னங்கய்யா, இவ்ளோ தண்ணி குடிச்சிருக்கீங்க?" என்று ஆரம்பித்தாலே தெரிந்துவிடும், அன்றைக்கு அந்த நோயாளிக்கு எதுவும் சொல்லிக்கொடுக்க முடியாது. "இல்ல சிஸ்டர், ரெண்டே டம்ளர்தான்" என்று அவர் பொய் சொல்லப் பழகிவிடுவார்.

கணக்கு என்னவோ கறாரானதுதான். போன டயாலிசிஸுக்குப் பிறகு ஏறிய ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர். டிரை வெயிட் (தேங்கிய நீரெல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை) 50 கிலோ உள்ளவர் மூன்றரைக் கிலோ ஏறி வந்தால், 4 மணி நேரத்தில் அத்தனையும் எடுக்க மணிக்கு 875 மில்லி இழுக்க வேண்டும். அதாவது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு 17.5 மில்லி. 13-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளத்தான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். தாண்டினால் பி.பி. சரியும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், வீட்டுக்குப் போனதும் சுருண்டு படுத்துவிடுவார். அடுத்த முறை வரவே மனசு வராது.

நான் கேட்பது வேறு: "வாய் ரொம்ப வறண்டுச்சாங்கய்யா?" இப்படிக் கேட்டால் பேச்சு தானாக உப்புக்கு வரும். உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறை என்பது நடக்காத காரியம், தாகம் விடாது. இப்படிப் பேசும்போதுதான் ஒரு ஐயா, "சோடியம் கம்மியான உப்புக்கு மாறிட்டேன் சிஸ்டர்" என்று பெருமையாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வகை உப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் கலந்திருக்கும். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். திட்டியிருந்தால் இந்த விஷயம் வெளியே வந்திருக்குமா?

ஃபிஸ்டுலாவும், அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைத்திருக்கும் இடமும், அப்படித்தான். துண்டுப் பிரசுரம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ரத்தத்தில் யூரியா என்ற கழிவு ஏறிச் சோர்ந்து கிடக்கும் முதல் வாரத்தில் யார் படிப்பார்கள்? ஒரு அம்மாவின் மற்றக் கை விரல்களைப் பிடித்து ஃபிஸ்டுலா மேல் வைத்தேன். பூனை உறுமுவது போல ஒரு அதிர்வு இருக்குமே, அது விரலில் பட்டதும் முகம் மாறியது. "உள்ள என்னமோ ஓடுது சிஸ்டர்!" தினமும் காலையில் இதைத் தொட்டுப் பாருங்கம்மா, அதிர்வு நின்றுபோனால் அடுத்த டயாலிசிஸ் வரை காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள் என்றேன். அந்தக் கையில் பி.பி. பார்க்க விடக் கூடாது, ரத்தம் எடுக்க விடக் கூடாது. வீட்டில் ஊசி போட்ட இடம் கசிந்தால் துணியைச் சுற்றி மூடாமல், கசியும் இடத்திலேயே விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு அவரையே அழுத்திக் காட்டச் சொன்னேன். தலையாட்டுவதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று, சொல்வதை முதல் ஒரு மணி நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசி அரை மணியில் அவர்கள் கண்ணெல்லாம் மெஷினில் மிச்சமிருக்கும் நிமிஷங்கள் மேல்தான்.