மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள்

அம்மாவை டிஸ்சார்ஜ் செய்வதற்கு முந்தின நாள் சம்மரியைப் படிக்கக் கொடுத்தார்கள். மாத்திரைகளுக்கு ஒரு பக்கம் முழுவதும் போயிருந்தது. அதன் பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரே வரி: "பிசியோதெரபி தொடரவும்." வலது கையும் காலும் விழுந்து, மூக்கில் குழாயோடு, பேச்சு வராமல் படுத்திருக்கும் 74 வயதுப் பெண்மணிக்கு அந்த ஒரு வரிக்குள் என்னவெல்லாம் அடங்கும் என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. பக்கவாதம் வந்த தாயையோ தந்தையையோ எங்கே கொண்டுபோவது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று யோசிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் பெரியவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மாதம் நன்றாக ஓய்வெடுக்க விடுங்கள், உடம்பு தேறியதும் பயிற்சியைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அன்பில் சொன்னதுதான். ஆனால் நரம்பியல் மருத்துவர் வேறு மாதிரி சொன்னார். முன்னேற்றம் வேகமாக வருவது முதல் மூன்று மாதங்களில்தான். அதற்குப் பிறகும் வரும், ஆனால் மெதுவாக வரும். அந்த மாதங்களைப் படுக்கையில் கழிக்கவிட எனக்கும் அக்காவுக்கும் மனம் ஒப்பவில்லை.

எங்களுக்கு ஊர் மன்னார்குடிப் பக்கம். முதலில் நினைவுக்கு வந்தது வேலூர் சிஎம்சி. 1954-ல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் அங்கே அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். அவர் முன்னின்று உருவாக்கிய மறுவாழ்வு நிலையம், அதாவது இழந்த இயக்கத்தைப் பயிற்சியால் மீட்க உதவும் இடம், 1966 முதல் வேலூரின் பாகாயம் பகுதியில் இயங்குகிறது. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டிருக்கிறது. எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் நோயாளியுடன் பகல் முழுவதும் இருந்து, பயிற்சியைத் தானும் கற்றுக்கொள்ளக்கூடிய ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் அக்கா. அவள் குடும்பம் திருச்சியில். அதனால் திருச்சியிலேயே தேடினோம்.

மூன்று இடங்களைப் பார்த்தோம். முதல் இடத்தில் வரவேற்பறை பளபளவென்று இருந்தது. கருவிகள் நிறைந்த பயிற்சிக் கூடத்தையும் காட்டினார்கள். அங்கே யாருமே இல்லை. மணி மதியம் மூன்று. நோயாளிகள் எங்கே என்று கேட்டு மேலே போனால், அத்தனை பேரும் தொலைக்காட்சிக்கு முகம் திருப்பிப் படுத்துக்கிடந்தார்கள். ஓர் உதவியாளர், வயதான ஒருவரின் விழுந்த கையைப் பிடித்திழுத்து உட்கார வைத்தார். பக்கவாதம் வந்த கையில் தோள்மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் தளர்ந்திருக்கும். இழுத்தால் மூட்டு இறங்கும், பிறகு மாதக்கணக்கில் வலிக்கும். ஆஸ்பத்திரியில் செவிலியர் இதை எங்களுக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். அந்தக் காட்சிக்குப் பிறகு அங்கே கட்டணம் எவ்வளவு என்றுகூட நாங்கள் கேட்கவில்லை.

இரண்டாவது இடம் சுத்தமாக இருந்தது, கனிவாகவும் பேசினார்கள். ஆனால் பேச்சுப் பயிற்சியாளர் இல்லை. மருத்துவர் "கூப்பிட்டால் வருவார்". அது பராமரிப்பு இல்லம். படுக்கையோடு இருப்பவரைப் பார்த்துக்கொள்ள ஏற்றது, எழுந்து நடக்க வேண்டியவருக்கு அது போதாது.

மூன்றாவது இடத்தில் கட்டடம் பழையது, கூடம் சிறியது. அங்கேயும் மதியத்தில்தான் போனோம். நாற்காலியிலிருந்து எழும் பயிற்சியில் இருந்தார் ஒரு பெரியவர். பிசியோதெரபிஸ்ட் அவரைத் தூக்கவில்லை. முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "பாதத்தைப் பின்னால் இழுங்கள் ஐயா, குனியுங்கள், மூக்கு கால்விரலுக்கு நேராக வரட்டும், இப்போது எழுந்திருங்கள்" என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவரின் மனைவி பக்கத்தில் நின்று அதையே கற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்ட கேள்விகளுக்கும் நேராகப் பதில் வந்தது. மறுவாழ்வு மருத்துவர் எந்தெந்த நாளில் வருவார், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பயிற்சி, இரவில் எத்தனை பேருக்கு ஒரு செவிலியர், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதை எழுதி வைக்கிறார்களா, பேக்கேஜில் எது சேராது. கடைசிக் கேள்வி முக்கியம். பேச்சுப் பயிற்சி, டயப்பர், மருந்து, கணுக்காலுக்குப் போடும் பட்டை எல்லாம் தனிக் கணக்கு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள். அங்கேயே சேர்த்தோம்.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிப் புத்தகத்தில் விலக்குகள் பகுதியைப் புரட்டினால் 'எக்ஸ்கிளூஷன் 05' என்று ஒன்று இருக்கும். ஓய்வுக்காகவும் மறுவாழ்வுக்காகவும் சேர்க்கப்படுவதற்குப் பணம் கிடையாது என்பது அதன் சாரம். இந்தியாவில் எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களும் பயன்படுத்தும் பொது விதி இது. ஆகவே மையத்தின் அறை வாடகை எங்கள் கையிலிருந்துதான் போனது. ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு என்று ஒரு பிரிவு இருக்கிறது. பல பாலிசிகளில் 60 நாள் வரை. மருத்துவர் எழுதிக் கொடுத்த பிசியோதெரபி அதில் அடங்கக்கூடும், பாலிசியைப் பொறுத்தது. அதற்காகவே அந்த ஒற்றை வரியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டோம். எந்தப் பயிற்சி, ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை மாதம் என்று விரிவாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார் மருத்துவர். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வெளியே வந்த பிறகு அதே மருத்துவரைப் பிடிப்பது பெரும்பாடு.

மையத்தில் முதலில் கவனித்தது நடையை அல்ல, விழுங்குவதை. தண்ணீரும் காபியும்தான் எளிது என்று நாம் நினைக்கிறோம். விழுங்கும் தசை தளர்ந்தவருக்கு அவைதான் ஆபத்து. சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். கெட்டியான கேழ்வரகுக் கூழைச் சிறு கரண்டியில் கொடுத்து, தாடையை நெஞ்சோடு சேர்த்து விழுங்கப் பழக்கினார்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்தே உட்கார வேண்டும். வாயால் சாப்பிடுவது படிப்படியாகக் கூடி, மூக்குக் குழாயை எடுத்த அன்று அக்கா அழுதுவிட்டாள்.

பேச்சு வேறு விதமாகத் திரும்பியது. அம்மாவால் என் பெயரைச் சொல்ல முடியவில்லை. ஆனால் பயிற்சியாளர் "ஒன்று, இரண்டு" என்று தொடங்கிவிட்டால் பத்து வரை தானாக வந்தது. ஞாயிறு, திங்களும் வந்தது. மனப்பாடமாகிப் பழகிப்போன சொற்கள் பிழைத்திருக்கும், அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதற்குப் போக வேண்டும் என்றார். பேரப்பிள்ளைகள் படம், வீட்டுப் பாத்திரங்களின் படம் எல்லாம் எடுத்துவரச் சொன்னார்.

கைக்கு என்ன செய்வது என்று பார்த்த பெண், அம்மா வீட்டில் என்னென்ன வேலை செய்வார் என்று அக்காவிடம் விசாரித்தார். மறுநாள் மேசைமேல் ஒரு கட்டு முருங்கைக்கீரை இருந்தது. வலது கை காம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இடது கை உருவ வேண்டும். ரப்பர் பந்தைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர், கீரையைக் கண்டதும் வேலைக்கு வந்துவிட்டார். காம்பு நழுவும்போதெல்லாம் இடது கையால் எடுத்து வலது விரல்களுக்குள் செருகினார். பழுத்த இலையைத் தனியாக ஒதுக்கி வைத்தார், யாரும் சொல்லவில்லை.

நடுவில் அம்மா சாப்பாட்டை ஒதுக்கி, யார் வந்தாலும் அழுதுகொண்டே இருந்த ஒரு காலமும் இருந்தது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வரும், அதற்கும் மருந்து உண்டு என்றார் மருத்துவர். மருந்தைத் தொடங்கிய பிறகுதான் பயிற்சியும் சூடு பிடித்தது. "வயதானவர்கள் அப்படித்தான்" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

வீட்டுக்குத் திரும்பும் முன் அளவெடுத்து வரச் சொன்னார்கள்: கட்டிலின் உயரம், குளியலறைக் கதவின் அகலம், வாசற்படி. மேல்நாட்டுக் கழிப்பறை வைத்து, அம்மாவின் நல்ல பக்கமான இடப்புறத்தில் கைப்பிடி அடித்தோம். ஊருக்கு வந்த பிறகு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிவு செய்தோம். 2021-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார், கட்டணம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் போதும். பல ஊர்களையும் பார்க்க வேண்டியவர் என்பதால் அடிக்கடி வர இயலாது. அவர் வராத நாட்களில் அக்கா கற்றுவந்ததை வைத்து நானும் என் மனைவியும் செய்கிறோம்.

அம்மா இப்போது நான்கு கால் ஊன்றுகோலோடு கூடத்திலிருந்து அடுப்படி வரை போகிறார். படியேற ஆள் வேண்டும். வலது விரல்கள் முழுதாக விரியவில்லை. அடுத்த மாதம் திருச்சியில் மறுமதிப்பீடு இருக்கிறது; கணுக்கால் பட்டையைக் கழற்றலாமா என்று அப்போது பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.