வண்டி அடி தட்டுகிற நாட்கள்

அக்டோபர் 14

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து காரில் வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. மேட்டுப்பாளையத்திலிருந்து அரவேனு வரை ஒரு தொந்தரவும் இல்லை. எங்கள் பிரிவில் திரும்பினதும் அந்த வேகத்தடை. முதல் கியரில், ஊர்ந்துதான் ஏற்றினேன். அப்படியும் அடியில் கர்ரென்று ஒரு இழுப்பு. முன்சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தவர் கதவுப் பிடியை இறுக்கினார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 15

ராத்திரி முழுக்க அந்தச் சத்தம்தான்.

அக்டோபர் 17

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லியாகிவிட்டது. வண்டிக்கடியில் படுத்து, தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை இன்ச் டேப்பால் அளந்தேன். வாங்கும்போது கொடுத்த தாளில் 165 மி.மீ. என்று இருக்கிறது. காலி வண்டியில் சரியாகவே வருகிறது. ஆனால் காலி வண்டியில் யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? அம்மாவையும் தம்பியையும் பின்னால் உட்கார வைத்தேன். டிக்கியில் பெட்டி, வாக்கர், வெந்நீர் பிளாஸ்க். அப்பாவுக்குப் பதில் முன்சீட்டில் இரண்டு சிப்பம் அரிசி. ஐம்பது கிலோ. இப்போது அவரும் அவ்வளவுதான் இருப்பார். என் சீட்டில் பக்கத்து வீட்டு அக்கா. மறுபடி அளந்தால் மூன்றரை செ.மீ. காணோம். மிச்சம் 13. அந்த வேகத்தடை முக்கால் சாண் உயரம், 15 செ.மீ. இருக்கும். உரசாமல் என்ன செய்யும்?

தட்டுகிற இடம் முன்பக்கம் இல்லை. முன்சக்கரம் தாண்டி இறங்கிய பிறகு, பின்சக்கரம் ஏறுவதற்கு முன்னால், நடுவில் சைலன்சர் குழாய் வளைகிற இடம். அங்கே புதுக் கீறல் பளபளவென்று இருக்கிறது. இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் வயிறு தப்பும். இதே 165 உள்ள நீள வண்டி என்றால் இன்னும் மோசமாக உட்காரும். சின்ன வண்டிக்கு இது ஒரு லாபம்.

அக்டோபர் 18

தம்பி சொன்ன வழி: "கோணலா ஏத்துக்கா, ஒவ்வொரு சக்கரமா ஏறும்." அரிசி மூட்டையோடு ஏற்றிப் பார்த்தேன். உண்மைதான், தட்டவில்லை. ஆனால் வண்டி இடதும் வலதுமாக ஆடி, மேலே இருந்த சிப்பம் சரிந்து கியர் மேல் விழுந்தது. முதுகில் தையல் போட்ட ஆளை அப்படி ஆட்ட முடியுமா? நேராக ஏற்றினால் வண்டிக்கு அடி, கோணலாக ஏற்றினால் அவருக்கு.

நேராகத்தான் போகப் போகிறேன். சைலன்சர் போனால் போகட்டும்.

அக்டோபர் 19

மழை.

அக்டோபர் 21

சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் 1988லேயே வேகத்தடைக்கு அளவு போட்டிருக்கிறது. உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். 25 கி.மீ. வேகத்தில் அலுங்காமல் தாண்டலாம். எங்கள் பிரிவில் இருப்பது என் ஒரு தப்படி அகலம்கூட இல்லை. இதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். இந்த மலையிலேயே பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். "பஸ்ஸுல இதெல்லாம் யாரு பாத்தா கண்ணு? ஏறும், இறங்கும், பின்னாடி இருக்கிறவன் திட்டுவான்" என்றார். சிரித்தார். சிரித்ததும் வலித்துவிட்டது.

அப்புறம் ஒன்று சொன்னார். மேட்டின் உச்சி வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே போகாதே, மூக்கு தாழும். முன்னாலேயே வேகத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, ஏறும்போது காலை எடுத்துவிடு. படுத்த படுக்கையில் கையால் செய்து காட்டினார்.

அக்டோபர் 22

ராத்திரி வண்டிக்கடியில் அட்டையை விரித்து வைத்திருந்தேன். காலையில் எட்டணா அகலத்துக்கு ஒரு ஈரம். தொட்டேன், முகர்ந்தேன், விரலில் தேய்த்தேன். வழுவழுப்பு இல்லை, கறுப்பும் இல்லை. வெறும் தண்ணீர். எஞ்சின் ஆயில் தொட்டி தப்பித்தது.

அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "அந்த ரிப்போர்ட்டுக்கு போன் பண்ணியா?" என்றார்.

அக்டோபர் 25

கோவை போய் வந்தோம். தம்பி பஸ்ஸில் வந்துவிட்டான். பெட்டியும் அவனிடம். இரண்டும் குறைந்ததில் அந்த வேகத்தடை லேசாகத் தொட்டதோடு சரி.

இறங்கும்போது வேறு வம்பு. மலையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. 2017ல் வந்த ஓட்டுநர் விதிகளிலும் அப்படித்தான். குஞ்சப்பனைக்கு மேலே எதிரில் பஸ். நான் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். தார் முடிகிற இடத்தில் மழை மண்ணை அரித்துவிட்டு, ஓரம் படிபோல் நிற்கிறது. இடது சக்கரங்கள் இரண்டும் இறங்கிவிட்டால் தாரின் விளிம்பு நேராக வயிற்றில். அதனால் இறங்காமல் விளிம்பிலேயே நிறுத்திவிட்டேன். பின்னால் ஒரு சுற்றுலா வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். அப்பா கண்ணைத் திறக்காமலேயே, "அடிக்கட்டும். பஸ்காரன் போவான், இடம் இருக்கு" என்றார். ஓர் அங்குல இடைவெளியில் போனது.

அக்டோபர் 26

ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

அக்டோபர் 29

கோத்தகிரி மெக்கானிக் ஸ்பிரிங்குக்கு நடுவில் ரப்பர் பஃபர் வைக்கலாம் என்கிறார். ஒரு செ.மீ. போல உயரும். ஸ்பிரிங் இறுகும், குலுக்கல் கூடும். எனக்கு எது வேண்டாமோ அது. பெரிய டயர்? 13 அங்குல ரிம்மில் 155/80க்குப் பதில் 165/80 போட்டால் டயரின் மொத்த உயரம் 16 மி.மீ. கூடும். வண்டிக்குக் கிடைப்பது அதில் பாதி, 8 மி.மீ. அதற்கு நாலு டயர் காசு. ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும். அடியில் இரும்புத் தகடு அடிக்கலாம் என்றார். தகடு தொங்குகிற அளவுக்கு உயரம் இன்னும் குறையாதா என்று கேட்டேன். டீ சொன்னார்.

நவம்பர் 1

பக்கத்து வீட்டு அண்ணன் தன் டாடா பஞ்ச் காரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். 187 மி.மீ. எனக்கு வாயெல்லாம் பல். அப்பாவை மெதுவாக நடத்திக் கூட்டிப் போனோம். படி உயரம். காலைத் தூக்கிப் பார்த்தார், பாதியில் நிறுத்திவிட்டார். மறுபடி பார்த்தார். "நம்ம வண்டியே போதும் கண்ணு."

நவம்பர் 2

யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

நவம்பர் 4

ஆஸ்பத்திரியிலிருந்து போன். நாளைக் காலை பத்து மணிக்குள் வரச் சொன்னார்கள். என்ன என்று போனில் சொல்ல மாட்டார்களாம். மழை விடவில்லை. வீட்டுச் சரிவில் மூக்கு முதலில் இறங்கினால் பம்பர் தட்டுகிறது, ரிவர்ஸில் இறங்கினால் தட்டவில்லை. அதனால் இப்போதே திருப்பி நிறுத்திவிட்டேன். காற்று சரி. டிக்கி காலி. தம்பி முதல் பஸ்ஸில் போகிறான். அம்மாவும் அவனோடு வருகிறேன் என்கிறார், எடை குறையுமாம். வேண்டாம், அம்மா என்னோடுதான்