ராத்திரி ஹெட்போன்ல ஓடுற பாட்டுங்க

நியூ ஆர்டர்ங்கற பேண்டோட ப்ளூ மண்டே, 1983. ஏழரை நிமிஷப் பாட்டு, குரல் வர்றதுக்கே ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகும், அதுவரைக்கும் டிரம் மெஷினும் சிந்தசைசரும் (மின்னணு முறையில ஒலி உண்டாக்குற கருவி) நம்மள இழுத்துட்டுப் போகும், அதுக்கு மேல பேண்ட்ல இருக்கற பீட்டர் ஹுக்கோட பேஸ் கிட்டார் ஏறி வரும் பாருங்க, அதுவே தனியா பாடுற மாதிரி இருக்கும். 1980ல ஜாய் டிவிஷன் பாடகர் இயன் கர்ட்டிஸ் இறந்தப்புறம் மிச்சமிருந்தவங்க ஆரம்பிச்ச பேண்ட் இது, ப்ளூ மண்டேல வர்ற குரல்ல இருக்கற இறுக்கம் எனக்கு வலிக்குது, ஆனாலும் கால் தானா ஆடுது.

டோனா சம்மர், ஐ ஃபீல் லவ், 1977. கிக் டிரம் தவிர இசை முழுக்க மூக்ங்கற பிராண்ட் சிந்தசைசர்தான். இன்னிக்கும் புதுசா இருக்கு.

பிங்க் ஃப்ளாய்ட் பேண்டோட டைம், 1973. ஆரம்பத்துல அலறுற கடிகாரங்களப் பத்தி எல்லாரும் சொல்வாங்க, எனக்கு அந்த பேண்ட் கிட்டாரிஸ்ட் கில்மோரோட கிட்டார் சோலோதான் உயிர். சத்தமா வச்சு கேளுங்க ப்ளீஸ்.