டி.என்.ஏ. அமைப்பு: பெயர்ப் பட்டியலை விட்டுவிட்டு நான் படித்த விதம்

பிளஸ் டூவில் மூலக்கூறு மரபியல் பாடம் வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது, பெயர், ஆண்டு, கண்டுபிடிப்பு என்று மூன்று கட்டம் போட்டு அட்டவணை எழுதுவதுதான். ஒரு மதிப்பெண் கேள்விக்கு அது போதும். "டி.என்.ஏ.தான் மரபுப்பொருள் என்று ஏவரி 1944இலேயே சொல்லிவிட்டார், பிறகு 1952இல் ஹெர்ஷியும் சேஸும் எதற்கு?" என்று கேட்டால் அந்த அட்டவணையில் பதில் இருக்காது. நீட் தேர்வுக்குப் படித்தபோது ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வரி கூடுதலாக எழுதினேன்: இவர் எந்தக் கேள்வியைத் தீர்க்காமல் விட்டார்? அந்த வரிதான் அடுத்த பெயருக்கான காரணம். ஆண்டுகள் தானாக மனதில் நின்றன.

மீஷரில் தொடங்குங்கள். 1869, ஜெர்மனியின் டூபிங்கன். அறுவைச் சிகிச்சைக் கட்டுத்துணிகளில் படிந்த சீழிலிருந்து வெள்ளையணுக்களை எடுத்து, அவற்றின் உட்கருவைப் பிரித்தார். புரதத்தைச் செரிக்கும் பெப்சினுக்குப் பன்றியின் இரைப்பைதான் மூலம். பெப்சினுக்கு மசியாமல் நின்ற, பாஸ்பரஸ் மிகுந்த அந்தப் பொருளுக்கு நியூக்ளின் என்று பெயரிட்டார்; இன்று நாம் டி.என்.ஏ. என்பது இதைத்தான். அவருடைய ஆசிரியர் ஹோப்பே-சைலர் நம்பாமல் சோதனையைத் தானே திரும்பச் செய்து பார்த்த பிறகே, 1871இல் கட்டுரை அச்சேறியது. தீர்க்காமல் விட்டது: இந்தப் பொருள் எதற்கு இருக்கிறது? பிறகு காசல் அதிலுள்ள காரங்களை (அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின் என்ற நைட்ரஜன் சேர்மங்கள்) பிரித்தறிந்தார், 1910இல் நோபல் பெற்றார். அவருக்கு அவ்வளவு போதும்.

லெவினிடம் நிதானியுங்கள். பலர் தாவிப் போகும் இடம் இதுதான். நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இருந்த இவர்தான் ரிபோஸ், டிஆக்ஸிரிபோஸ் சர்க்கரைகளை இனம்கண்டவர். பாஸ்பேட், சர்க்கரை, காரம் மூன்றும் சேர்ந்த அலகே நியூக்ளியோடைடு என்று காட்டியவர். அதோடு நிற்காமல், நான்கு காரங்களும் சம அளவில்தான் இருக்கும், நான்கும் சேர்ந்த ஒரே துண்டு திரும்பத் திரும்ப வருகிறது என்றும் ஒரு கருத்தை வைத்தார். ஒரே துண்டு திரும்பத் திரும்ப வந்தால் அதில் என்ன செய்தியை எழுதி வைக்க முடியும்? மரபுச் செய்தி, 20 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில்தான் இருக்க வேண்டும் என்று பெரும்பாலோர் முடிவுகட்டியதற்கு இது ஒரு பெரிய காரணம். சரியான வேதியியலும் தவறான ஊகமும் ஒரே ஆளிடமிருந்து வந்ததைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் 25 ஆண்டுக் கதையில் குழப்பமே இருக்காது.

கிரிஃபித் (1928) எல்லோருக்கும் தெரிந்த எலிக் கதை: சூட்டில் கொன்ற எஸ் வகை (நோய் தருவது) நிமோனியா பாக்டீரியா, உயிருள்ள ஆர் வகை (நோய் தராதது), இரண்டையும் கலந்து செலுத்தியதும் எலி இறந்தது, அதன் உடலில் உயிருள்ள எஸ் கிடைத்தது. கேள்வித்தாளில் இங்கே ஒரு பொறி வைப்பார்கள். கிரிஃபித் டி.என்.ஏ.தான் மரபுப்பொருள் என்று நிரூபித்தார் என்ற தெரிவு தவறு. ஏதோ ஒன்று ஆர் வகையை மாற்றுகிறது என்பதோடு அவர் நின்றுவிட்டார். 1941இல் லண்டன் குண்டுவீச்சில் இறந்துபோனார். அந்தப் பொருள் எது என்று அவருக்குத் தெரியவே இல்லை.

ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும் அந்த ஏதோ ஒன்றைத் தேடினார்கள். புரதத்தை அழிக்கும் நொதி சேர்த்தாலும் மாற்றம் நடந்தது, ஆர்.என்.ஏ.வை அழிக்கும் நொதி சேர்த்தாலும் நடந்தது, டி.என்.ஏ.வை அழிக்கும் நொதி சேர்த்தால் மட்டும் நின்றது. ஆனாலும் பலர் ஏற்கவில்லை. அதே ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் மிர்ஸ்கி, துளியளவு புரதம் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று விடாமல் கேட்டார். லெவினின் ஊகம் பின்னால் நிற்பது இப்போது தெரிகிறதல்லவா?

1952இல் ஹெர்ஷியும் சேஸும் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸின் டி.என்.ஏ.வைக் கதிரியக்கப் பாஸ்பரஸ் 32ஆலும் புரத உறையைக் கதிரியக்கக் கந்தகம் 35ஆலும் குறியிட்டார்கள். பாக்டீரியாவைத் தொற்றவிட்டு, மிக்ஸி போன்ற கருவியில் சுழற்றி உறைகளை உதிர்த்தபோது, உள்ளே போனது பெரும்பாலும் பாஸ்பரஸ். உண்மையில் கந்தகமும் கொஞ்சம் செல்களோடு தங்கியது. தூய்மை என்று பார்த்தால் ஏவரியின் சோதனைதான் மேல் என்பது என் கருத்து. ஆனாலும் இது எளிதில் ஏற்கப்பட்டதற்குக் காரணம், நடுவில் சார்காஃப் வந்துவிட்டார்.

ஏவரியின் கட்டுரையைப் படித்துவிட்டுத் தன் ஆய்வகத்தின் போக்கையே மாற்றியவர் சார்காஃப். கொலம்பியா பல்கலைக்கழகத்தில், அப்போது புதிதாக வந்திருந்த காகித வண்ணப்பிரிகையை (கலவையைக் காகிதத்தில் ஊறவிட்டுப் பிரிக்கும் முறை) வைத்துப் பல உயிரினங்களின் காரங்களை அளந்தார். நான்கும் சமமாக இல்லை. மனித டி.என்.ஏ.வில் அடினைன் சுமார் 30 விழுக்காடு, குவானைன் சுமார் 20. காசநோய்ப் பாக்டீரியாவில் குவானைனும் சைட்டோசினும் சேர்ந்தே 65 விழுக்காட்டை ஒட்டி வரும். லெவினின் சம அளவுக் கருத்து அங்கே உடைந்தது. ஆனால் எந்த உயிரினமானாலும் அடினைன் அளவும் தைமின் அளவும் ஏறக்குறைய ஒன்று. குவானைனும் சைட்டோசினும் அப்படியே. ஏன் என்று அவர் சொல்லவில்லை. 1952இல் கேம்பிரிட்ஜ் வந்து, டி.என்.ஏ.வின் அமைப்பைத் தேடிக்கொண்டிருந்த வாட்சன், கிரிக்கைச் சந்தித்தபோது, காரங்களின் வேதி அமைப்பைக் கூட நினைவிலிருந்து சொல்லத் தெரியாதவர்களா என்று ஏளனமாகத்தான் பார்த்தார்.

கணக்கும் இங்கேதான் வரும். ஈரிழை டி.என்.ஏ.வில் அடினைன் 22 என்றால் தைமின் 22, மீதி 56, ஆகவே குவானைன் 28. கேள்வியில் ஓரிழை என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இந்த விதியே செல்லாது. அடினைன் 25, தைமின் 33, குவானைன் 24, சைட்டோசின் 18 என்று கொடுத்தால், அது ஃபை எக்ஸ் 174 போன்ற ஓரிழை வைரஸ்.

அமைப்புக்கு வரும்போது எனக்கு மிகவும் உதவியது ஒரு பழக்கம். இரட்டைச் சுருளை வரைந்து, பாகங்களின் பெயருக்குப் பதில் அந்தத் தகவலைத் தந்தவரின் பெயரை எழுதினேன். ஓர் இழையில் சர்க்கரைகளைப் பாஸ்பேட் வழியே இணைக்கும் 3′–5′ பிணைப்புக்கு எதிரே டாட். காரங்களுக்கிடையே 0.34 நானோமீட்டர் என்பதற்கு எதிரே ஆஸ்ட்பரி, ஃபுளோரன்ஸ் பெல். கம்பளி இழைகளை ஆராய்ந்துகொண்டிருந்த லீட்ஸ் ஆய்வகத்தில் 1938இலேயே எக்ஸ் கதிர்ப் படத்தில் இந்த இடைவெளியைப் பார்த்துவிட்டார்கள். காரங்களுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு என்பதற்கு எதிரே கல்லண்ட், 1947.

பாஸ்பேட் வெளியே, காரங்கள் உள்ளே என்பதற்கு எதிரே ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். 1951இன் இறுதியில் வாட்சனும் கிரிக்கும் பாஸ்பேட்டை நடுவில் வைத்து மூன்று இழை மாதிரி செய்தார்கள். அவர் வந்து பார்த்து, டி.என்.ஏ. உறிஞ்சும் நீரின் அளவுக்கே இது ஒத்துவராது என்று தள்ளிவிட்டார். 1953இன் தொடக்கத்தில் லைனஸ் பாலிங்கும் அதே மூன்று இழையில் சறுக்கினார். ஃபிராங்க்ளினின் மேற்பார்வையில் காஸ்லிங் 1952 மே மாதம் எடுத்த 51ஆம் எண் படத்தில் பெருக்கல் குறி போல நிற்கும் புள்ளிகள்தான் சுருளின் அடையாளம். அதை ஃபிராங்க்ளினின் சக ஆய்வாளர் வில்கின்ஸ், அவருக்குத் தெரியாமல், வாட்சனுக்குக் காட்டினார். ஃபிராங்க்ளினின் அளவீடுகள் அடங்கிய அறிக்கையும் கிரிக்கின் கைக்கு வந்தது; இரு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்று கிரிக் ஊகித்தது அதிலிருந்துதான்.

கடைசிப் பெயர் பாடநூலில் பெரும்பாலும் இருக்காது: ஜெர்ரி டோனஹியூ. வாட்சன் அட்டையில் காரங்களை வெட்டி இணைத்துப் பார்த்தபோது எதுவும் பொருந்தவில்லை. வேதியியல் நூல்களில் அச்சாகியிருந்த காரங்களின் வடிவமே தவறு, ஹைட்ரஜன் அணுக்கள் வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்று அதே அறையில் இருந்த டோனஹியூ சொன்னார். திருத்தி வெட்டியதும், 1953 பிப்ரவரி 28 அன்று, அடினைன்-தைமின் இணையும் குவானைன்-சைட்டோசின் இணையும் ஒரே அகலத்தில் வந்தன. சார்காஃபின் எண்களுக்குக் காரணம் கிடைத்தது. ஒவ்வொரு இணையிலும் ஒரு பியூரின் (பெரிய காரம்: அடினைன், குவானைன்), ஒரு பிரிமிடின் (சிறிய காரம்: தைமின், சைட்டோசின்); அதனால்தான் சுருளின் விட்டம் எங்கும் 2 நானோமீட்டர். "ஏன் அடினைன் குவானைனோடு சேராது?" என்ற கேள்விக்கு இந்த அகலத்தைச் சொல்லியே பதில் எழுதுங்கள்.

எண்களை இரண்டு கணக்குகளில் பழகினால் போதும். ஒரு சுற்று 3.4 நானோமீட்டர், அதில் 10 இணைகள். மனிதனின் ஒரு செல்லில் 6.6 × 10⁹ இணைகள், 0.34 நானோமீட்டரால் பெருக்கினால் சுமார் 2.2 மீட்டர். 1.36 மில்லிமீட்டர் நீள டி.என்.ஏ.வில் எத்தனை இணைகள் என்று திருப்பிக் கேட்டால் 4 × 10⁶.

1962 நோபல் பற்றிய கேள்வியில் தெரிவுகளில் ஃபிராங்க்ளின் பெயரும் இருக்கும். அவர் 1958இல், 37 வயதில் இறந்துவிட்டார். பரிசு வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கு. 1953 ஏப்ரல் 25 நேச்சர் இதழில் ஃபிராங்க்ளின், காஸ்லிங் கட்டுரையும் வில்கின்ஸ் குழுவின் கட்டுரையும் வாட்சன்-கிரிக் கட்டுரையோடு சேர்ந்தே வந்தன. வாட்சன்-கிரிக் கட்டுரை ஏறக்குறைய ஒரே பக்கம்தான். அதன் முடிவில், இந்த இணைசேர்க்கையே நகலெடுக்கும் வழியையும் காட்டுகிறது என்று குறிப்பிட்டு நிறுத்தியிருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் "தீர்க்காமல் விட்டது" என்று எழுத வேண்டியது அதைத்தான். 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் நைட்ரஜன் 15 வைத்துச் செய்த சோதனையை அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.